கார்த்திகைக்குள்ள ஒரு ஊடு

நவம்பர் 3, திங்கள்

காலைல இருந்து தூறல். மூணு நாள் துணி காயல. வாங்கோணும்: து.பருப்பு, கஞ்சி மாவு, மெஷினுக்கு புது ட்யூப்.

ஆபீஸ் கெளம்பறப்ப மாடிப்படில கலாக்கா. எங்க ஊட்டுக்காரம்மா. இந்த அம்மாபேட்டை ஊட்டுக்கு வந்து அஞ்சு வருசம், கீழ நாங்க, மேல அவங்க. கைல பூத்தட்டு. அவங்க பாப்பாவுக்கு தை மாசம் கல்யாணம் முடிவாயிருச்சாம். மாப்ள ஓசூர்ல வேல. எனக்கு நெசமாவே சந்தோசம். அந்தப் புள்ளைக்கு பத்தாவதுல தமிழ் சொல்லிக் குடுத்தது நாந்தான்.

அப்புறம் படில உக்காந்தாங்க. என்னையும் உக்காரச் சொன்னாங்க.

"வளரு, தப்பா எடுத்துக்காத. உன் வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

"அப்படியேதாங்கா இருக்காரு."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

அது அவங்களுக்கே தெரியும். போன மாசம் அவர ஆஸ்பத்திரில இருந்து ஆட்டோல கொண்டாந்து எறக்குனப்ப, ஒரு பக்கம் புடிச்சது கலாக்கா ஊட்டுக்காரருதான்.

"கார்த்திகைக்குள்ள வேற வீடு பாத்துக்க. மார்கழி பொறந்துட்டா நீயும் பால் காய்ச்ச முடியாது. தை வந்தா எங்களுக்கு வீடு நிறைய ஆளுங்க."

காரணம் சொல்லல. நானும் கேக்கல. தட்டுல இருந்து ஒரு மொழம் பூ எடுத்துக் குடுத்தாங்க. வெச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

நவ. 5, புதன்

மழை விட்டுருச்சு. அவருகிட்ட இன்னும் சொல்லல.

அஸ்தம்பட்டில வக்கீல் ஆபீஸ் முடிஞ்சு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கி தெருத்தெருவா போர்டு பாத்தேன். "வீடு வாடகைக்கு." போன் பண்ணா கேக்கற கேள்விங்க:

எத்தன பேரு.
என்ன ஆளுங்க.
கறி சமைப்பீங்களா.
வண்டி நிறுத்தோணுமா.
ஒறம்பர, சொந்தபந்தம் ஜாஸ்தி வருமா.
சொந்த ஊரு எது.
இப்ப இருக்கற ஊட்ட எதுக்கு காலி பண்றீங்க.

கடைசிக் கேள்விக்கு "சும்மாதாங்க"ன்னேன். ஒருத்தரு சிரிச்சுட்டு வெச்சுட்டாரு.

இன்னைக்கு ஆபீஸ்ல மூணு வாடகை ஒப்பந்தம் டைப் பண்ணேன். மூணும் பதினோரு மாசம். எல்லாத்துலயும் அதே வரி. "உரிமையாளர் கேட்கும்பட்சத்தில் எந்தவித ஆட்சேபணையுமின்றி." பதினாறு வருசமா டைப் பண்றேன். இன்னைக்குத்தான் படிச்சேன்.

நவ. 8, சனி

அரை நாள் லீவு. புரோக்கர் மணி கூட ஒரு ஊடு பாத்தேன். கீழ் ஊடு, காத்தோட்டம், பாத்ரூம் உள்ளயே. அவரு எந்திரிச்சு நாலு எட்டுல போயிக்கலாம். மனசுல கட்டலக்கூட போட்டுட்டேன், ஜன்னலோரம்.

ஊட்டுக்காரருக்கு எழுவது வயசிருக்கும். நல்ல மனுசன் மாதிரிதான் தெரிஞ்சாரு. பொய் சொல்ல மனசு வரல. எங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்புக்கு முடியல, படுக்கையாத்தான் இருக்காருன்னேன்.

"வயசானவரா?"

"அம்பத்தொண்ணுங்க."

"என்ன வியாதி?"

"நுரையீரலுங்க. ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கோம்."

 அப்புறம் மணியக் கூப்புட்டு ஓரமா என்னமோ சொன்னாரு. திரும்பி வாரப்ப வண்டில மணி சொன்னான்: "அக்கா, ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, நாளு சரியில்லாம அடைப்பு நட்சத்திரமாப் போச்சுன்னா, ஆறு மாசம் ஊட்டப் பூட்டோணும். அதுக்கப்புறமும் எவன் குடி வருவான்? அவங்களயும் தப்பு சொல்ல முடியாது. இனிமே வெளிப்படையா பேசாதீங்க."

ஆக, கலாக்கா சொல்லாத காரணத்த மணி சொல்லிட்டான்.

நவ. 9, ஞாயிறு

நாமக்கல்லுல இருந்து பிரியா வந்துட்டா. நர்சிங் ரெண்டாம் வருசம், ஹாஸ்டல். வந்ததும் அப்பா வெரல்ல க்ளிப்ப மாட்டிப் பாத்தா. ஆக்சிஜன் எம்பத்தாறுதான். என்னையப் பாத்தா. 

துணி தொவைக்கறப்ப ஊடு விசயம் சொன்னேன். அவளுக்குக் கோவம். "சட்டப்படி அப்படியெல்லாம் காலி பண்ணச் சொல்ல முடியாதும்மா. உங்க வக்கீல் சாருகிட்ட கேளு."

கேட்டேன், முன்னாடியே. சாரு சொன்னது: "நோட்டீஸ் குடுக்கட்டும், பாத்துக்கலாம். ஒரு வருசம் இழுக்கலாம்." ஒரு வருசம். அவருக்கு அத்தன நாளு யாரு குடுக்கறது. அதுவரைக்கும் அந்தப் படில ஏறி எறங்கறவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது.

"ஊருக்குப் போயிரலாமே"ன்னா. திருச்செங்கோட்டுக்கிட்ட ஊரு. ஊட்டுப் பங்கு அவரு தம்பி பேர்லதான் இருக்குது. போரு போடற ரிக்கு வண்டில பங்கு சேரறதுக்கு அந்தப் பங்க எழுதிக் குடுத்துட்டாரு. வண்டியும் போச்சு, பங்கும் போச்சு. இருந்தாலும் மத்தியானம் கொழுந்தனாருக்கு போன் போட்டேன். "ஒரு ரூம்தானுங்க அண்ணி இருக்குது, அதுலயே நாலு பேரு படுக்கறோம். அண்ணன எங்க போடறது சொல்லுங்க." குரல் ஒடஞ்சு போச்சு. நாந்தான் சமாதானம் சொல்லி வெச்சேன்.

நவ. 10, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். காலைல எட்டு மணிக்கே வரிச. மனு நானே டைப் பண்ணிக்கிட்டேன், ஆபீஸ் பேப்பர்ல. நகல் இங்க:

"என் கணவர் செல்வராசு இருபத்தாறு ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்தவர். கல் தூசியால் நுரையீரல் முழுதும் பாதிக்கப்பட்டு படுக்கையில் உள்ளார். எங்களுக்குச் சொந்த வீடோ நிலமோ இல்லை. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு ஒதுக்கித் தருமாறு."

இருபத்தாறு வருசம் அஞ்சு வரில முடிஞ்சிருச்சு. கர்நாடகா, மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான். எத்தன ஊட்டுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்திருப்பாரு. புது ஊடு கட்ட மொதல்ல போரு போடோணும். அஸ்திவாரம் தோண்டற அன்னைக்கு இவங்க வண்டிதான் அங்க மொதல்ல நிக்கும்.

மேசைல இருந்த அம்மா மரியாதையாத்தான் பேசுனாங்க.

"நீங்க ஓடைப் பொறம்போக்குல குடிச போட்டிருந்தீங்கன்னா, அத எடுக்கறப்ப முன்னுரிமை வரும். வாடகை வீட்ல இருக்கறவங்க பதிஞ்சுட்டு காத்திருக்கணும்மா. உங்க பங்குத்தொகையும் கட்டணும்."

"இடம் இருந்தா ஊடு கட்டப் பணம் தாரதா சொல்றாங்களேங்க?"

"ஆமாம்மா. உங்க பேர்ல இடம் இருக்கா?"

இடம் இருந்தா நான் எதுக்கு அந்த வரிசைல நிக்கறேன். ரசீது குடுத்தாங்க. மடிச்சு பர்சுல வெச்சுட்டேன்.

பஸ்ல பக்கத்துல ஒரு பொம்பள யாருகிட்டயோ போன்ல: "சொந்த ஊடு இல்லாதவனுக்கு சேலத்துல செவுத்துல ஆணி அடிக்கக்கூட உரிம இல்ல."

எனக்கு சொந்தமா வேண்டாம். நெசமா வேண்டாம். வாடகை குடுக்கறேன், மாசாமாசம், தேதி தவறாம. போன்னு சொல்ல ஆளில்லாத ஊடா இருந்தாப் போதும். கவருமெண்டு அந்த மாதிரி வாடகைக்கே விட்டா என்ன. ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்க, பள்ளிக்கூடம் வெச்சிருக்காங்க. எங்களுக்கு பஸ்ஸக்கூட சும்மா விடறாங்க. அந்த பஸ்ஸ விட்டு எறங்கிப் போறதுக்குத்தான் எடமில்ல.

நவ. 14, வெள்ளி

பொய் சொன்னேன்.

பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு ஊடு. எங்க ஊட்டுக்காரருக்கு லாரி ஆபீஸ்ல வேல, நெஞ்சு சளி, ரெஸ்ட்ல இருக்காருன்னேன். நம்பிட்டாங்க. அட்வான்ஸ் பேசி முடிச்சாச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் ஆபீஸ்ல பாட்டு முணுமுணுத்திருக்கேன் போல, சாரு திரும்பிப் பாத்தாரு.

சாய்ங்காலம் அந்த ஊட்டம்மா சொல்லாம கொள்ளாம எங்க ஊட்டுக்கு வந்துட்டாங்க. "குடும்பத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." கதவத் தொறந்ததும் மெஷின் சத்தம். புஸ்ஸு, புஸ்ஸு. அவரு மூக்குல ட்யூபோட எந்திரிக்கப் பாத்து, "வாங்க, உக்காருங்க"ன்னாரு.

அவங்க உக்காரல. தண்ணி குடுத்தேன், குடிக்கல. டம்ளரக் கைலயே வெச்சிருந்துட்டு, டிவி மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. வாசல்ல என்னைய மட்டும் கூப்புட்டு: "நீங்க இப்படி மறைச்சிருக்கக்கூடாது. எங்க வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்கு."

சரிங்கன்னேன்.  தப்பு என்னோடதுதான.

நவ. 16, ஞாயிறு

வெயில் வந்துச்சு. போர்வையெல்லாம் காயப் போட்டேன்.

சோறு வடிச்சிட்டிருந்தப்ப கட்டல்ல இருந்து அவரு: "ஏம்புள்ள, ஊடு கெடச்சுதா?"

"எந்த ஊடுங்க?"

"கலாம்மா படில பேசுனது ஜன்னல்ல கேட்டுச்சு. அன்னைக்கே."

பதிமூணு நாளு. தெனமும் சாய்ங்காலம் "ஆபீஸ்ல வேல ஜாஸ்தியா"ன்னு கேட்டுட்டு இருந்தாரு. நானும் ஆமாங்கன்னுட்டு இருந்தேன்.

வடிகஞ்சிய அப்படியே வெச்சுட்டுப் போயி பக்கத்துல உக்காந்தேன். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுறாரு. நாலு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம்.

"என்னையக் கொண்டுபோயி ஜி.எச்.ல போட்டுரு. அங்கயே ஆகட்டும். அங்கிருந்து நேரா மயானம். யாரு ஊட்டுக்கும் தொந்தரவில்ல."

"பேசாம இருங்க."

"உனக்கும் புள்ளைக்கும் இந்த ஊடு தங்கும். கலாம்மா நல்லவங்க. என்னையத்தான புள்ள வேண்டாங்கறாங்க."

அவரு கோவமா சொல்லல. லோடு எப்படி எறக்குனா சுலுவுன்னு யோசிக்கற மாதிரி சொன்னாரு. அதுதான் தாங்க முடியல. சமையக்கட்டுக்குப் போயி கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

நவ. 18, செவ்வாய்

அவரு சொன்னதையே சொல்லிட்டு இருந்ததால ஜி.எச். கூட்டிட்டுப் போனேன். ஆட்டோ, சிலிண்டரு, மணி கூட வந்து தூக்கிவிட்டான். மணி காசு வாங்கல.

சின்ன வயசு டாக்டரு. பொறுமையாப் பாத்தாரு. என்னைய வெளில கூட்டிட்டு வந்து சொன்னாரு: "இங்க வெச்சு புதுசாப் பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. இதே மெஷின், இதே மாத்திரதான். வார்டுல படுத்தா வேற தொத்தும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. வீட்ல இருந்தா அவருக்கு நிம்மதியா இருக்கும்."

எந்த ஊட்ல சாருன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவருகிட்ட கேட்டு என்ன.

திரும்பி வந்து எறங்கறப்ப மாடி ஜன்னல் சாத்துன சத்தம்.

நவ. 20, வியாழன்

கலாக்கா ரசம் கொண்டாந்தாங்க. மொளகு தூக்கலா, அவருக்குப் புடிச்ச மாதிரி. கிண்ணத்த வாங்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னும் எத்தன நாளுன்னு பாக்கத்தான வந்தீங்க"ன்னேன்.

அவங்க வாசப்படியப் புடிச்சுட்டு நின்னாங்க. கண்ணுல தண்ணி. "சம்பந்தி வீட்டம்மா வந்தப்ப கேட்டாங்க வளரு. கீழ யாரு, என்ன சத்தம் அதுன்னு. நான் என்ன சொல்லட்டும். ஒரே பொண்ணு. ஏதாவது ஒண்ணு நடந்துட்டா அவ தலைலதான போடுவாங்க, வர்றப்பவே சாவோட வந்தான்னு. நீயே சொல்லு, என் எடத்துல நீ இருந்தா?"

 நானும் அப்படித்தான் பண்ணியிருப்பனோ என்னமோ. தெரியல. அவங்கள முழுசா வெறுக்க முடிஞ்சாக்கூட கொஞ்சம் சுலுவா இருக்கும்.

ரசம் நல்லா இருந்துச்சு. ரெண்டு வாய் குடிச்சாரு.

நவ. 23, ஞாயிறு

மணி ஒரு ஊடு சொன்னான். "நான் இதுல கமிசன் வாங்கல, நீங்களே பேசிக்கங்க"ன்னான். அப்பவே யோசிச்சிருக்கோணும்.

அம்மாபேட்டை மெயின் ரோட்ட விட்டு உள்ள, ரொம்ப உள்ள. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, பின்னாடி பாத்ரூம். ஓனரு பேரு குப்புசாமி. ஜலகண்டாபுரத்துல ரெண்டு தறி ஓட்டறாரு. பஸ் புடிச்சு வந்து சாவியோட நின்னுட்டிருந்தாரு. புதுசா வெள்ளையடிச்ச வாசம், கண்ணு எரியற அளவுக்கு. ஆனா ஜன்னல் கம்பில எல்லாம் ஒட்டட. வாடகை மத்த எடத்துல சொல்றதுல முக்கால்வாசிதான்.

அவரு ஒரு கேள்விகூட கேக்கல. என்ன ஆளுங்கன்னுகூட. எனக்கு சந்தேகம் வந்திருக்கோணும். வந்துச்சு. வர விடல.

"எப்ப வேணா வாங்க. புதன் நல்ல நாளு, வியாழனும் நல்ல நாளுதான்."

"சரிங்க."

"ஏதாச்சும் கேக்கோணுங்களா?"

"இல்லீங்க. உங்களுக்கு?"

"இல்லீங்க."

சாவியக் குடுத்துட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு.

நவ. 27, வியாழன்

காலைல அஞ்சரைக்குப் பால் காய்ச்சியாச்சு. சாமி படம், உப்பு, பருப்பு, ஒரு கொடம் தண்ணி. பிரியா லீவு போட்டு வந்தா.

சாமான் ஒரே நட. கட்டலு, பீரோ, மெஷின், ரெண்டு மூட்ட துணி, பாத்திரம். அஞ்சு வருசம் ஒரு சின்ன யானை வண்டில முக்காவாசிக்குத்தான் வந்துச்சு.

கலாக்கா பாப்பா எறங்கி வந்து அவரு கால்ல விழுந்துச்சு, கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் கேட்டு. அவரு கையத் தூக்கி அது தலைல வெச்சாரு. மாடில இருந்து கலாக்கா பாத்துட்டு இருந்தாங்க. அவங்க வரல.

புது ஊட்ல ஜன்னலோரம் கட்டலு போட்டோம். எதுத்தாப்புல ஒரு வேப்பமரம். அவரு சாய்ங்காலம் வரைக்கும் அதையே பாத்துட்டுப் படுத்திருந்தாரு.

நவ. 30, ஞாயிறு

எதுத்த ஊட்டுல மாவு அரைச்சு விக்கற பொம்பள. மாவு வாங்கப் போனப்ப என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"என்னதுங்க?"

முன்ன அந்த ஊட்ல ஒரு பெரியவரு தனியா குடியிருந்தாராம். எங்கயோ வாட்ச்மேன் வேல. சொந்தம்னு யாரும் வந்து பாத்ததில்லயாம். உள்ள செத்துக் கெடந்து மூணு நாள் யாருக்கும் தெரியலயாம். வாடகை வாங்க வந்த குப்புசாமிதான் கதவ ஒடச்சுப் பாத்தாராம். அதுக்கப்புறம் ஒண்ணர வருசம் பூட்டு. பாக்க வாரவங்க எல்லாம் இந்தத் தெருவுல யாராச்சும் ஒருத்தர் சொல்லி ஓடிருவாங்களாம். "நாங்க சொல்லலீங்க. பாவம், ஒடம்பு முடியாத மனுசனோட வந்திருக்கீங்கன்னு சொல்லல."

மாவ வாங்கிட்டு வந்துட்டேன். ஒரு மணி நேரம் அவருகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு. மறுபடி ஒளிச்சு வெக்கத் தெம்பில்ல. சொன்னேன்.

கேட்டுட்டு அந்த ரூமச் சுத்திப் பாத்தாரு. "அப்ப இந்த ஊட்டுக்கு இது பழக்கம்தான்"ன்னாரு.

சிரிச்சாரு. அது இருமலா மாறி அடங்க பத்து நிமிசம் ஆச்சு. ஆனா சிரிச்சாரு. எத்தன மாசம் ஆச்சு.

டிச. 2, செவ்வாய்

போன்ல மெசேஜ். தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. தற்போது ஒதுக்க காலிக் குடியிருப்பு இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பதிவு செய்துகொள்ளவும்.

கரண்டு ரெண்டு தடவ போச்சு. சிலிண்டர் மாத்துனேன். க்ளிப்புல எம்பத்திரெண்டு.

டிச. 4, வியாழன்

கொழாய் ஒழுகுதுன்னு சொன்னதுக்கு குப்புசாமியண்ணன் வந்தாரு. உள்ள வந்ததும் மெஷினப் பாத்தாரு, அவரப் பாத்தாரு. கொழாயச் சரி பண்ணிட்டு, கைய வேட்டில தொடச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்தாரு.

"சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"நீங்களும் சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பேனுங்க. நான் சொல்லியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்களா?"

யோசிச்சாரு. "குடுத்திருக்க மாட்டேன்"ன்னாரு. மறைக்கல.

அப்புறம் அவருகிட்ட பேசிட்டிருந்தாரு. ஜலகண்டாபுரத்துல தொள்ளாயிரம் அடி போரு போட்டும் தண்ணி வரலன்னு. இவரு மூச்ச இழுத்து இழுத்து என்ன பாற, என்ன நெறத் தூளு வந்துச்சு, எத்தனாவது அடில ஈரம் பட்டுச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. கடைசியா, "நிறுத்தியிருக்கக்கூடாதுங்க. இன்னும் நூறு அடி." குப்புசாமியண்ணன் ஏதோ டாக்டர் சொன்ன மாதிரி தலையாட்டுனாரு.

அரை மணி நேரம் அவரு நோயாளியா இல்ல. டிரில்லரா இருந்தாரு.

டிச. 8, திங்கள்

கஞ்சி எறங்கல. ரெண்டு ஸ்பூன் தண்ணி. பிரியாவ வரச் சொல்லிட்டேன். ஆபீஸுக்கு லீவு சொல்லியாச்சு. சாரு சரின்னாரு.

பகலெல்லாம் தூக்கம். நடுவுல முழிச்சு, "இது யாரு ஊடு"ன்னாரு.

"நம்ம ஊடுங்க"ன்னேன்.

டிச. 11, வியாழன்

காலைல ஏழே முக்கால்.

டிச. 13, சனி

எழுதி வெக்கோணும், இல்லீனா மறந்துரும்.

வாசல்ல பெஞ்சு போட்டு வெளில கெடத்துனோம், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். ஊரு முறப்படி எல்லாம் பண்ணாங்க. கொழுந்தனாரு வந்தாரு, ஊர்ல இருந்து பதினஞ்சு பேரு, கூட ரிக்குல ஓடுனவங்க ஆறு பேரு. அதுல ரெண்டு பேரு இருமிக்கிட்டே இருந்தாங்க. மாவுக்காரம்மா எல்லாருக்கும் டீ வெச்சுக் குடுத்துச்சு. ஷாமியானாவ யாரும் எடுக்கச் சொல்லல. சத்தமா அழுதா யாரும் எட்டிப் பாக்கல. நேரா மயானத்துக்குக் கொண்டுபோகல. அது நடந்துச்சு. அதாவது நடந்துச்சு.

நல்ல நட்சத்திரமாம். அடைப்பு இல்லியாம். யாருக்கு நல்லது.

கலாக்கா வரல. கல்யாணம் வெச்சிருக்கற ஊடு, எழவுக்கு வரக்கூடாது. அவங்க ஊட்டுக்காரரு வந்து தெருமொனைலயே நின்னாரு. மால குடுத்து அனுப்புனாரு. நான் பாத்தேன். அவரு கையெடுத்துக் கும்புட்டாரு.

டிச. 15, திங்கள்

நாளைக்கு மார்கழி. பிரியா ஹாஸ்டலுக்குப் போயிட்டா. பரிட்ச. போகவே மாட்டேன்னா, நாந்தான் அனுப்புனேன்.

மத்தியானம் குப்புசாமியண்ணன் வந்தாரு. எனக்குத் தெரியும் எதுக்குன்னு. காலி பண்ணச் சொல்லப் போறாரு. சுத்தம் பண்ணி, ஐயரக் கூப்புட்டு ஓமம் வளத்து, வேற ஆளு பாக்கோணும். எத்தன நாள் டைம் கேக்கறதுன்னுகூட மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன். ஒரு மாசம். தர மாட்டாருன்னா இருவது நாள்.

ஸ்டூல்ல உக்காந்தாரு. 

"இனி இந்த ஊட்டுக்கு எவனும் வர மாட்டான் அம்மிணி. ஒரு சாவுக்கே ஒண்ணர வருசம் பூட்டு. இப்ப ரெண்டு. விக்கவும் முடியாது." எந்திரிச்சு நின்னு, "நீங்க இருந்துக்கங்க. எத்தன வருசமானாலும் சரி. நான் கேக்க மாட்டேன்."

"சரிங்க"ன்னேன்.

அவரு போனப்புறம் கதவச் சாத்திட்டு அங்கயே தரைல உக்காந்தேன். கல்யாணமாயி இருவத்திமூணு வருசம். ஒம்பது ஊடு. யாருமே சொல்லாத வார்த்த. எத்தன வருசமானாலும்.

அத கேக்கறதுக்கு அவரு இல்ல. இருந்திருந்தா இத சொல்லியிருக்கவே மாட்டாங்க.

டிச. 22, திங்கள்

பனி. பஸ் ஜன்னலெல்லாம் தண்ணி.

எறப்பு சர்டிபிகேட் வாங்கப் போனேன். கேட்டது: ஆதார் ரெண்டு பேருது, ரேஷன் கார்டு, டாக்டர் சீட்டு, மயான ரசீது. எல்லாம் இருந்துச்சு. படிவம் குடுத்தாங்க. 

பேரு. தகப்பனார் பேரு. வயசு. தொழில்னு இருந்த எடத்துல டிரில்லர்னு எழுதுனேன்.

இறந்தபோது இருந்த முகவரி. எழுதிட்டேன்.

அதுக்குக் கீழ, நிரந்தர முகவரி.

ஊர்ல இருக்கறது தம்பி ஊடு. இருவத்தாறு வருசம் படுத்து எந்திரிச்சது ரிக்கு லாரி கேபின்ல, இல்லீனா லாரிக்கு அடில. கலாக்கா ஊட்ல அஞ்சு வருசம், அங்க இருந்து அனுப்பிட்டாங்க. இந்த ஊட்ல பதினாலு நாளு.

பின்னாடி நின்னவரு, "ஆச்சுங்களா"ன்னாரு. கட்டத்த அப்படியே விட்டுட்டுக் குடுத்தேன்.

கவுண்டர்ல இருந்தவரு பாத்தாரு. "இது ஏம்மா எழுதல?"

"வாடகை ஊடுங்க. எத எழுதறதுன்னு தெரியல."

அவரு நிமிந்துகூடப் பாக்கல. பேனாவ எடுத்து அவரே அதுல "மேற்படி"ன்னு எழுதி, சீலக் குத்தி, அடுத்த ஆளக் கூப்புட்டாரு.